பழைய பாட்டா, புதுப் பாட்டா? தீவுப் பக்கத்துப் பாடகர் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாம்பனுக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பங்கில் இருபது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறேன். முதலில் ஆர்மோனியம், இப்போது கீபோர்டு. பக்கத்து ஊர்க் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். நான் கத்தோலிக்கன், அதனால் பூசைப் பாட்டுகளைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை, சீர்திருத்தச் சபை) நண்பர்கள் கேட்ட கேள்வி ஒன்றும் உண்டு.

பெரியவர்கள் புதுப் பாட்டே வேண்டாம் என்கிறார்கள். பையன்கள் பழைய பாட்டு என்றால் தூக்கம் வருகிறது என்கிறார்கள். நாங்கள் யார் பக்கம் நிற்பது?

எங்கள் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். மாதா திருவிழா நவநாள் ஒன்றில், ஊரில் ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடி வரும் ஒரு மாதா பாட்டை எடுத்தோம். ரிதம் பேடில் வேகமான தாளம், நீளமான முன்னிசை, நடுவில் கிட்டார் என்று அமர்க்களம். பூசை முடிந்ததும் ஒரு அப்பத்தா நேரே கீபோர்டுக்கு வந்தார். “ஏன்ய்யா, எப்பப் பாத்தாலும் புதுப் பாட்டாவே பாடுறீங்க, நம்ம பழைய பாட்டெல்லாம் எங்க போச்சு?” என்றார். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடிய பாட்டு அது!

அடுத்த மாதம் தலைகீழாக நடந்தது. எங்கள் குழுவில் ஒரு பெண் அந்த வருஷம்தான் எழுதிய திருவிருந்துப் பாட்டு. பாடத் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. பழைய ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டு, மெதுவாக, மைக் இல்லாமல் பாடினோம். அதே அப்பத்தா வெளியே வரும்போது, “இந்தப் பாட்டை எங்கம்மா பாடுவாக” என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு யார் பாட்டைப் பற்றிப் புகார் சொன்னாலும் நான் பாட்டின் வயதைப் பார்ப்பதில்லை. ஸ்ருதி, வேகம், சத்தம் மூன்றையும் பார்க்கிறேன். முக்கால்வாசிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீதிக் கால்வாசிக்குத்தான் கீழே உள்ள மற்ற கேள்விகள்.

ஸ்ருதி எவ்வளவு வைக்கலாம்?

யூடியூபில் வரும் பாட்டைப் பாடியவர் தன் குரலுக்கு ஏற்ற ஸ்ருதியில் பாடியிருப்பார். அதை அப்படியே எடுத்தால் குழுவில் இரண்டு பெண்கள் சமாளிப்பார்கள். கோவிலில் நிற்கும் ஆண்கள் பல்லவியிலேயே வாயை மூடிக்கொள்வார்கள். ஊர் சேர்ந்து பாடும் பாட்டு கீழ் ஏ-யிலிருந்து மேல் டி வரைக்குள் அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. பாட்டிலேயே உயரமான சுரம் எது என்று தேடிப் பிடியுங்கள். அது மேல் டி-யைத் தாண்டினால் டிரான்ஸ்போஸ் பட்டனில் இரண்டோ மூன்றோ இறக்குங்கள். கட்டைக் கணக்கில் பழகியவர்களுக்கு: ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி.

காலை முதல் பூசைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்குவது நல்லது. தூங்கி எழுந்த குரல் மேலே ஏறாது. சனிக்கிழமை கடலுக்குப் போய் ஞாயிறு விடியக் கரைக்கு வந்து, குளித்த ஈரத்தோடு பூசைக்கு வந்தவர் குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பழைய பாட்டை ஊர் மக்கள் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். வேகத்தைக் கூட்டலாமா?

கூட்டலாம், ஆனால் ஏன் இழுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கூட்டுங்கள். முன்னே சொன்ன அப்பத்தாவை அந்த மாதா பாட்டைத் தனியாகப் பாடச் சொல்லி, போனில் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 66 அடி வந்தது. நவநாளில் நாங்கள் வாசித்தது 96. சரி, இதில் என்ன ஆச்சரியம் என்றால், தனியாகப் பாடும்போது அவர் இழுக்கவே இல்லை. கூட்டமாகச் சேரும்போதுதான் இழுவை வருகிறது. ஒவ்வொரு வரி முடிவிலும் பக்கத்தில் இருப்பவர் முடிக்கட்டும் என்று எல்லாரும் காத்திருப்பார்கள், அதில் ஒன்றரை நொடி போய்விடும். ஆகவே தாளத்தை விரட்டிப் பயனில்லை. வரி முடிவில் மூச்சுக்கு எத்தனை அடி என்று குழு ஒரே மாதிரி முடிவு செய்து, அடுத்த வரியைத் தயங்காமல் எடுத்தால் போதும், ஊர் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டை இப்போது 76-ல் பாடுகிறோம். இரண்டு தரப்பும் வாய் திறக்கவில்லை. புகார் சொல்ல என்கிறேன், பாடத் திறக்கிறார்கள்.

மைக் எத்தனை வைப்பது?

குறைவாக. ஆறு பேருக்கு ஆறு மைக் வைத்த நாளில் கோவிலில் ஆறு பேர்தான் பாடுவார்கள். முதல் சரணம் முடிந்ததும் மிக்சரில் குரலைப் பாதியாகக் குறைக்கச் சொல்வேன். ஊர்க் குரல் மேலே வருவது அப்போது கேட்கும். மிக்சரில் உட்காருபவர் பாட்டுத் தெரிந்தவராக இருக்கட்டும். பெரும்பாலான ஊரில் ஒயர் தெரிந்தவரை உட்கார வைத்துவிடுகிறோம்.

ஒரு பூசையில் எத்தனை புதுப் பாட்டு வைக்கலாம்?

ஒன்று. திருவிழா நாளில் அதுவும் வேண்டாம், வெளியூரிலிருந்து வந்த மகளும் மருமகனும் கூடச் சேர்ந்து பாடத்தான் வந்திருக்கிறார்கள்.

எந்த இடத்தில் வைப்பது என்பது முக்கியம். வருகைப் பாடலில் புதுப் பாட்டு வைத்தால் பாதிப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், ஆரம்பமே தனிக் கச்சேரி ஆகிவிடும். காணிக்கைப் பாட்டு தோதான இடம். எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், கேட்கப் பொறுமை இருக்கும். அதே பாட்டை நான்கு ஞாயிறு தொடர்ந்து அங்கேயே பாடுங்கள். ஐந்தாவது ஞாயிறு ஊர் பாடவில்லை என்றால் பாட்டில் கோளாறு, விட்டுவிடுங்கள். எங்கள் நோட்டில் இப்படி விடப்பட்டவை முப்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் இரண்டு நான் மெட்டுப் போட்டவை.

எந்தப் பாட்டைத் தொடவே கூடாது?

ஊர்ப் பாதுகாவலர் பாட்டை. வேர்க்காட்டுக்கும் மூக்கையூருக்கும் சந்தியாகப்பர் பாட்டு, ஓரியூருக்கு 1693 பிப்ரவரி 4-ல் அந்த மண்ணில் வெட்டுப்பட்ட அருளானந்தர் பாட்டு, உங்கள் ஊருக்கு உங்கள் பாட்டு. மெட்டு பழசாக இருக்கலாம், வரி தட்டலாம், இருந்தாலும் கொடியேற்றத்தன்று வேறு மெட்டில் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆண்கள் பயிற்சிக்கே வருவதில்லை. புதுப் பாட்டை எப்போது சொல்லிக்கொடுப்பது?

கடல் காலண்டரைப் பார்க்காமல் பயிற்சி நாள் குறித்தால் இப்படித்தான். ராமேசுவரம் துறையில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி போகும், மறுநாள் காலை திரும்பும். அப்படியென்றால் வியாழன் சாயங்காலம் ஆள் கரையில் இருக்கும், பகலில் தூங்கியும் எழுந்திருக்கும். செவ்வாய் அந்தோணியார் நவநாளுக்குப் போய்விடும். எங்களுக்கு வியாழன் ஒத்துவருகிறது. நாட்டுப்படகு, கரைவலை ஊர்களில் கணக்கு வேறு, அங்கே கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

பெரிய பயிற்சி எல்லாம் மீன்பிடித் தடைக் காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஈஸ்டரில் தொடங்கும் உயிர்ப்புக் காலத்தின் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறது. அந்தக் காலம் முடியும் பெந்தகோஸ்து திருநாள் எவ்வளவு தள்ளி வந்தாலும் ஜூன் 13-ஐத் தாண்டாது. கையில் காசு இருக்காது, ஆனால் நேரம் இருக்கும். வலை பின்னிக்கொண்டே பாட்டைக் கேட்கட்டும் என்று ஒவ்வொரு பாட்டையும் குரல் மட்டும் பதிந்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். கருவி இசை சேர்த்தால் மெட்டு பிடிபடாது.

பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக ஊருக்குத் தெரிந்த வேறு பாட்டு பாடலாமா?

கூடாது. அது அன்றைய வாசகத்தோடு சேர்ந்த திருப்பாடல், வாசகத்தின் ஒரு பகுதி மாதிரி. திருப்பலி (பூசை) நூலின் பொது விதிகளில் 61-ஆம் எண் இதை நேராகவே சொல்கிறது. மெட்டு எளிதாக இருக்கட்டும், பல்லவியை மட்டும் ஊர் பாடினால் போதும். மூன்று நான்கு மெட்டுகளைப் பழக்கிவிட்டால் வருஷம் முழுக்க வரிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சினிமா மெட்டில் பாட்டு எழுதலாமா?

பூசைக்கு வேண்டாம். காரணம் புனிதம் கெட்டுவிடும் என்பதுகூட இரண்டாவதுதான். மெட்டைக் கேட்டதும் மனசு பழைய வரிக்குப் போய்விடும். பீடத்தில் அப்பம் உயர்த்தும்போது எதிர் வரிசைப் பையன் சிரித்தால் அவன் மேல் தப்பில்லை. சப்பரத்துக்கு முன்னால் பேண்டு செட் வாசிப்பது வேறு கதை, அதில் நான் தலையிடுவதில்லை.

ஆனால் “இது கோவிலுக்கு ஆகாது” என்று நாம் சொல்லும் விஷயங்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் 1903 நவம்பர் 22-ல், அதாவது இசைக்குப் பாதுகாவலியான செசிலியம்மாள் திருநாளில், ஆலய இசைக்கு ஒரு சட்டம் போட்டார். பியானோ கூடாது, முரசு மாதிரிச் சத்தக் கருவிகள் கூடாது, பாடகர் குழுவில் பெண்கள் கூடாது. பேண்டு வாத்தியம் வெளியே பவனியில் மட்டும், அதுவும் ஆயர் அனுமதியோடு. அந்தச் சட்டத்தை இன்றைக்கு எங்கள் பங்கில் வைத்தால் ஆர்மோனியத்தோடு நான் மட்டும் மிஞ்சுவேன். அறுபது வருஷம் கழித்து, 1963 டிசம்பர் 4-ல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொன்னது. ஊர்க் கருவிகளையும், வழிபாட்டுக்குத் தகுந்தவையாக இருந்தால் ஏற்கலாம் என்றது. நம் ஊரில் பூசை தமிழுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். “அந்தக் காலத்துப் பூசைப் பாட்டு” என்று நாம் தூக்கிப் பிடிக்கும் தமிழ்ப் பாட்டு பலவற்றுக்கு வயது அறுபதுக்குள்தான்.

பெந்தகோஸ்து சபைப் பாட்டுகளைப் பூசையில் பாடலாமா? பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவிலேயே அண்ணன் பூசைக்கும் தம்பி சபைக்கும் போகிற வீடுகள் உண்டு, பாட்டு வேலி தாண்டி வரத்தான் செய்யும். வரியைப் படித்துப் பாருங்கள். பாட்டு வரிகள் திருச்சபைப் படிப்பினையோடு ஒத்துப்போக வேண்டும், முக்கியமாகத் திருவிவிலியத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும் என்று அதே திருவழிபாட்டு ஏடு 121-ஆம் எண்ணில் சொல்கிறது. அதில் தேறினால் பாடலாம். பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எனக்கு இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்தப் பாட்டுகளில் “நான், எனக்கு, என்னை” அதிகம். அது குறையில்லை, தனி ஜெபத்தின் மொழி. வருகைப் பாடலாக ஊரே சேர்ந்து உள்ளே வரும்போது அது பொருந்தாது. நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கி வந்து முழங்காலில் இருக்கும்போதும், நற்கருணை ஆராதனையிலும் அருமையாகப் பொருந்தும்.

தவக்காலத்தில் கீபோர்டை மூடிவிட வேண்டுமா?

மூட வேண்டாம். குரலைத் தாங்குவதற்கு மட்டும் வாசிக்கலாம் என்பது விதி (பொது விதிகள் 313). முன்னிசை, இடையிசை, ஜெபத்துக்குப் பின்னால் ஓட்டும் மெல்லிசை எல்லாம் கிடையாது. நான்காம் ஞாயிறுக்கும் பெருவிழா, விழா நாட்களுக்கும் விலக்கு உண்டு. அல்லேலூயாவும் கிடையாது.

விதியை விட்டுத்தள்ளுங்கள், தவக்காலம் பழைய பாட்டுக்குக் கிடைத்த வாய்ப்பு. சிலுவைப்பாதையில் கருவி எதுவும் இல்லாமல், ஸ்தலத்துக்கு ஸ்தலம் நடந்துகொண்டே, கிழவிகள் எடுத்துக் கொடுக்க நாங்கள் பின்னால் பாடுவோம். அந்தத் துக்கப் பாட்டுகளில் சில எந்தப் புத்தகத்திலும் இல்லை, நாலைந்து பேர் தொண்டையில்தான் இருக்கின்றன. போனில் பதிந்து, வரிகளை நோட்டில் எழுதி, யாரிடம் கேட்டது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். நான் பத்து வருஷம் தள்ளிப் போட்டேன். அதற்குள் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவும் வழக்கமாகத் தவக்காலத்தில்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை கொடியேற்றி, சாயங்காலம் சிலுவைப்பாதை, மறுநாள் காலை பூசை, தமிழிலும் சிங்களத்திலும். நான் போயிருந்த ஒரு தடவை எங்கள் ஆட்கள் ஒரு பாட்டை எடுத்தார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதே வரிகளை வேறு மெட்டில் பிடித்தார்கள். இரண்டாம் சரணத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அவர்கள் மெட்டு நன்றாகத்தான் இருந்தது.

பழைய பாட்டில் பிள்ளைகளுக்குப் புரியாத சொற்கள் இருக்கின்றன. மாற்றிவிடலாமா?

“சர்வேசுரன்”, “இஸ்பிரீத்து சாந்து” போன்றவற்றைக் கேட்கிறீர்கள். இரண்டாவது போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, தூய ஆவி என்று பொருள். மாற்றினால் அசை குறைந்து மெட்டு நொண்டும், பெரியவர்களும் பழையபடியே பாடுவார்கள், இரண்டும் மோதும். பயிற்சியில் ஒரு நிமிஷம் ஒதுக்கிப் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். இஸ்பிரீத்து சாந்து எந்தக் கப்பலில் வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் அந்தச் சொல்லை விடவே மாட்டார்கள்.

நாங்கள் சிஎஸ்ஐ. எங்கள் சண்டை பாமாலையா, கீர்த்தனையா, இளைஞர் கோரஸா என்பது. உங்கள் பதில் எங்களுக்குப் பொருந்துமா?

ஸ்ருதி, வேகம், சத்தம் அப்படியே பொருந்தும். வரலாற்றில் உங்களுக்கு எங்களைவிடப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்திலிருந்து ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி அவற்றின் மெட்டிலேயே பாடும் வழக்கம் வந்தது, பாமாலை அந்த வழியில் வந்தது. அவருக்குப் பின் வந்த மிஷனரி பப்ரிசியுஸ் மொழிபெயர்த்தவை இன்றும் பாமாலைப் புத்தகத்தில் உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நம் ராகத்திலும் தாளத்திலும் எழுதியபோது அதுதான் புதுப் பாட்டு. புதிதாக வந்த மிஷனரிகளோடு அவருக்கு நடந்த தகராறில் தமிழ் இசையும் ஒரு விஷயம். பிறகு 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப், கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைக்கென்றே அச்சிட்டார். இன்று அதே கீர்த்தனைகளைப் “பழசு” என்று உங்கள் பையன்கள் தள்ளுகிறார்கள்.

வாசிப்பவனாக ஒன்று சொல்கிறேன். பாமாலைக்கு நான்கு குரல் பிரித்துப் பாடும் குழுவும், பிடித்து வாசிக்க ஒரு ஆர்கனும் வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு வெளிறிப்போகும். கீர்த்தனை அப்படியில்லை. சரணத்தை ஒருவர் பாடிவிட்டுப் பல்லவிக்கு வந்தால் புத்தகம் இல்லாதவரும் சேர்ந்துகொள்வார். சின்னச் சபைக்கு அதுதான் தோது. கோரஸ் பிடித்த பையன்களையே பல்லவிக்குக் கைத்தாளம் போட விடுங்கள், சரணத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

வாசிக்க ஆள் இல்லை. கரோக்கி டிராக் போட்டுப் பாடலாமா?

பயிற்சிக்குப் போடுங்கள். பூசையில் வேண்டாம். ரோமிலிருந்து 1958-ல் வந்த அறிவுரையே, வழிபாட்டில் கிராமபோன், டேப் ரெக்கார்டர் போன்றவற்றை ஒலிக்கவிடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. எனக்கு அதைவிட நடைமுறைக் காரணம் உண்டு. சாமியார் காணிக்கையை முடித்துவிட்டு நிற்பார், டிராக்கில் இன்னும் இரண்டு சரணம் பாக்கி இருக்கும். ஆள் இல்லையென்றால் வெறும் குரலில் பாடுங்கள், ஸ்ருதிக்குப் போனில் தம்பூரா ஆப் போதும்.

அடக்கப் பூசைக்குப் புதுப் பாட்டு?

வேண்டாம். அழுகிறவர்களுக்குத் தெரிந்த பாட்டுத்தான் வாயில் வரும்.

உப்புக்காற்றில் கருவி எதுவும் தாங்கவில்லை. எதை வாங்குவது?

பழைய ஆர்மோனியத்தைப் பரணில் போடாதீர்கள், இதுதான் முதல் அறிவுரை. பித்தளை ரீடில் களிம்பு ஏறினால் ஸ்ருதி விலகும், ஆனால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி சேர்க்க முடியும். கீபோர்டில் சாவிக்கு அடியில் ஈரம் இறங்கிவிட்டால் சில சுரம் பேசாது, சில சுரம் கத்தும், பழுது பார்க்க ஊர் விட்டு ஊர் தூக்கிப் போக வேண்டும். எங்கள் முதல் கீபோர்டு மூன்று வருஷத்தில் போய்விட்டது, வாசித்து முடித்ததும் திறந்தபடியே விட்டதுதான் காரணம். இப்போது துணி உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ப்புறம் வைக்கிறோம். கிட்டார்க் கம்பியை வாசித்ததும் துடைக்காவிட்டால் ஒரு மாதத்தில் துரு. மைக் சல்லடையும் அப்படித்தான்.

பாடியதை யூடியூபில் போடலாமா?

உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமே விலக்குத் தருகிறது. யூடியூபில் ஏற்றுவதை அதே கணக்கில் சேர்க்க முடியாது. எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆகும் வரை பாட்டுக்கு உரிமை உண்டு. பெயரைப் போடுவது மட்டும் போதாது, கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள்.

ஒரு தாத்தா எந்தப் பாட்டானாலும் எங்களைவிடச் சத்தமாக, அரை அடி பின்னால் பாடுகிறார். எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். முன்வரிசையில் குழுவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள், தாளம் காதில் விழுந்தால் பாதி சரியாகிவிடும். அப்புறம் மாதம் ஒரு பாட்டை அவரையே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மைக் வேண்டாம், அவருக்குத் தேவைப்படாது.